வரைபடத்தில் உன் எழுத்து

பாப்பா,

ஞாயிற்றுக்கிழமை சிக்னல் போகவில்லை. போனை நான்தான் வைத்தேன். "சிக்னல் போச்சாப்பா?" என்று நீ பிறகு எழுதிக் கேட்டாய். "ஆமா, இங்க சரியான மழை" என்று பதில் போட்டேன். மழையும் இல்லை. பதுளையில் அன்று கண் கூசும் வெயில், உன் அம்மா மொட்டை மாடியில் மிளகாய் காயப் போட்டிருந்தாள். கோர்ட்டில் அத்தனை வருஷம் அடுத்தவர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் தமிழிலிருந்து சிங்களத்துக்கும் சிங்களத்திலிருந்து தமிழுக்கும் மாற்றிச் சொல்லிச் சம்பளம் வாங்கிய மனுஷன், சொந்த மகளிடம் இல்லாத மழையைப் பெய்ய வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். உன் அம்மா என் முகத்தைப் பார்த்தாள். "மொழிபெயர்ப்பாளர் ஐயா இன்னைக்கு சொந்தமா பேசிட்டாரு போல" என்றாள். அதற்குப் பிறகு இந்த வீட்டில் எனக்குக் கிடைக்கும் தேநீரில் சீனி குறைந்துவிட்டது.

போனில் பேசினால் எனக்குக் கோபம் முந்திக்கொள்ளும், உனக்கு அழுகை முந்திக்கொள்ளும். அதனால் எழுதுகிறேன். நீ இதை யாருக்கு வேண்டுமானாலும் காட்டு, உன்னைப் போல வெளியூரில் இருந்துகொண்டு இரண்டு பாஷைக்கு நடுவில் மாட்டிக்கொண்ட பிள்ளைகள் எத்தனையோ பேர் இருப்பார்கள். வெள்ளிக்கிழமைக்குள் அந்த வழக்கறிஞர் அலுவலகத்துக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றாய். அதற்குள் நீ இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் தபாலில் போடாமல் போனிலேயே ஒவ்வோர் எழுத்தாகத் தட்டிக்கொண்டிருக்கிறேன். விரல் பெரிது, எழுத்து சிறிது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ கேட்டது சின்ன விஷயம்தான். தாதிப் பயிற்சிக்கு ஜெர்மனிக்குப் போன இடத்தில், ஆஸ்பத்திரியில் யாரோ உன்னைப் பற்றிச் சொல்லி, அகதி வழக்குப் பார்க்கும் ஒரு வழக்கறிஞர் உன்னைக் கூப்பிட்டிருக்கிறார். வன்னிப் பக்கத்து மனிதர் ஒருவர், தன் கதையை ஜெர்மன் மொழியில் எழுதிக் கொடுக்க வேண்டும், தமிழ் தெரிந்த ஆள் இல்லை. ஒருநாள் அறிமுகத்துக்காக நீ போய் உட்கார்ந்திருக்கிறாய். "அவரு சொல்றதுல பாதி வார்த்தை எனக்குத் தமிழ்லயே புரியலப்பா. ஜெர்மன்ல எப்படிச் சொல்றது?" என்றாய். "சுற்றிவளைப்புன்னு சொல்றாரு. தலையாட்டின்னு சொல்றாரு, தலையாட்டின்னா யாருப்பா?" என்று கேட்டாய். நீ ஏதோ சமையல் சாமான் பெயர் கேட்பதைப் போலக் கேட்டாய்.

"அந்த வார்த்தையெல்லாம் உனக்கு எதுக்கு? நீ நர்ஸ் வேலைக்குப் போனியா, இதுக்குப் போனியா? போகாத. அவ்வளவுதான்" என்று கத்தினேன். "பாவம்ப்பா அந்த ஆளு" என்று நீ ஆரம்பித்தாய். அப்போதுதான் வைத்தேன்.

ஏன் கத்தினேன் என்று உனக்குத் தெரியும். நமக்குள் அந்த ஒருநாள் இருக்கிறது. தியத்தலாவையிலிருந்து திரும்பி வந்த நாளிலிருந்து, நீ விமானம் ஏறும் வரைக்கும், அதைப் பற்றி நீயும் நானும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் நான் உன்மேல் கோபமாக இருக்கிறேன் என்பதைச் சொல்ல வேண்டி வரும்.

அன்று நம்மோடு தியத்தலாவைக்கு வந்த அந்த ஜெர்மன் பெரியவரை எல்ல ஊரில் நீதான் பிடித்துவந்தாய். பதுளையில் வகுப்புக்குப் போய் ஜெர்மன் படித்துக்கொண்டு, சனி ஞாயிறுகளில் எல்லவில் வெள்ளைக்காரர்களுக்கு மலை காட்டிப் பேச்சைப் பழகிக்கொண்டிருந்தாய். உன் மொழிபெயர்ப்பை நான் ஒருமுறை நேரில் கேட்டிருக்கிறேன். ஒரு வெள்ளைக்காரம்மா தேநீரைக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்து என்னவோ சொன்னாள். நீ கடைக்கார அக்காவிடம், "ரொம்ப நல்லா இருக்காம்க்கா" என்றாய். அன்று இரவுச் சாப்பாட்டில் உன்னை விடவில்லையே நான்! "அவ கசக்குதுன்னு சொன்னா கசக்குதுன்னு சொல்லணும். உனக்குக் கூட்டவும் குறைக்கவும் யார் உரிமை குடுத்தா?" என்று பெரிய பிரசங்கமே வைத்தேன். நீ சிரித்துக்கொண்டே, "அப்பா, இது கோர்ட்டு இல்ல, டீக்கடை" என்றாய். அதை ஞாபகம் வைத்துக்கொள், பின்னால் வரும்.

அந்தப் பெரியவர் கிழக்கு ஜெர்மனியில் வளர்ந்தவர். பள்ளிக்கூடத்தில் ரஷ்யன் படித்தாராம், இங்கிலீஷ் வராது. அவருடைய அப்பா கப்பலில் வேலை பார்த்தவர். இரண்டாவது உலக யுத்தம் தொடங்கியதும் நம் நாட்டிலிருந்த ஜெர்மன்காரர்களை வெள்ளைக்கார அரசாங்கம் பிடித்துத் தியத்தலாவை முகாமில் அடைத்தது, அதில் அந்த அப்பாவும் ஒருவர். பிறகு ஊருக்குப் போய்ப் பிள்ளை குட்டி பெற்ற காலத்தில், அந்த முகாமை ஞாபகத்திலிருந்து படமாக வரைந்து வைத்திருந்திருக்கிறார். மகன் அதன் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு, எழுபதைத் தாண்டிய வயதில், அப்பா நின்ற இடத்தில் ஒருமுறை நிற்க வேண்டும் என்று வந்துவிட்டார். அவ்வளவு தூரம் தனியாக ஒரு ஆணோடு உன்னை அனுப்ப உன் அம்மாவுக்கு மனசில்லை. எனக்கும் சும்மா இருக்கப் பொழுது போகவில்லை. வேனில் முன் ஸீட்டில் ஏறிக்கொண்டேன். அப்புத்தளையில் இறங்கி ரொட்டி சாப்பிட்டோம். மூட்டம் ரயில் பாதையை மூடிக்கொண்டு வந்ததைப் பார்த்து அவர் கைதட்டினார். நல்ல மனுஷன்.

தியத்தலாவை இன்றைக்கும் பட்டாள ஊர்தான் என்பது உனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்த மாதிரித் தெரியாது. பாதை ஓரமாக வேனை நிறுத்தச் சொல்லி அவர் இறங்கினார். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் மேடு, மேட்டில் பழைய தகரக் கூரை ஒன்று. படத்தை உயர்த்திப் பிடித்து, அந்தக் கூரையையும் படத்தையும் சேர்த்து போட்டோ எடுத்தார். இன்னும் இரண்டு அடி தள்ளிப் போய் எடுத்தார். நான் வேனிலிருந்து இறங்கி, "பாப்பா, போதும்னு சொல்லு அவருகிட்ட" என்று சொல்லி முடிப்பதற்குள் சிப்பாய் ஒருவன் வந்துவிட்டான். மரியாதையாகத்தான் வந்தான். படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தான். அவன் முகம் மாறியதை வைத்துத்தான் நான் எட்டிப் பார்த்தேன்.

அதுவரைக்கும் அந்தப் படத்தை நீ எனக்குக் காட்டவில்லை. ஜெர்மன் எழுத்துக்குப் பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் தமிழ். வழியில் ஆட்களிடம் கேட்க வசதியாக இருக்கும் என்று முந்தின நாள் எல்லவில் உட்கார்ந்து நீயே எழுதிக் கொடுத்திருக்கிறாய். கலர் பேனாவில்! சமையல் அறைக்குச் சிவப்பில் 'குசினி'. நோயாளிகள் கொட்டகைக்குப் பச்சையில் 'டிஸ்பென்சரி'. காய்கறிப் பாத்திக்குப் பக்கத்தில் ஒரு பூ வேறு. கைதிகளை வரிசையில் நிறுத்தி ஆள் எண்ணும் இடத்துக்கு 'அப்பெல்பிளாட்ஸ்' என்று அவருடைய அப்பா எழுதியிருந்ததற்கு நேரே நீ 'பெரட்டுக்களம்' என்று எழுதியிருந்தாய். வேறு எந்த ஊர்ப் பிள்ளைக்கும் அந்தச் சொல் வந்திருக்காது. காலையில் தேயிலைத் தொழிலாளிகளை நிறுத்தி ஆள் எண்ணி, யாருக்கு எந்த மலையில் வேலை என்று பிரித்துவிடும் இடத்துக்கு ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் உன் தாத்தா காலத்திலிருந்து நாம் சொல்கிற சொல் அது. வேறு நேரமாக இருந்தால் உன்னைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடியிருப்பேன். ஆனால் என் கண் அதற்குக் கீழே போனது. 'காவல் கோபுரம்.' 'முட்கம்பி.' 'சிப்பாய் நிற்கும் இடம்.' அதற்கும் கீழே, கொட்டை எழுத்தில், நீல மையில், 'ஆயுதக் கிடங்கு.'

ராணுவ முகாமின் படம். அதில் தமிழ் எழுத்து. அந்த எழுத்தை எழுதியவள் என் பக்கத்தில் ஆரஞ்சு நிறத் தொப்பி போட்டுக்கொண்டு நிற்கிறாள்.

நான் வளர்ந்த காலத்தை உனக்கு நாங்கள் சொல்லவில்லை. வேண்டுமென்றே சொல்லவில்லை. தீபாவளி நேரம், பஸ்ஸில் உன் சித்தப்பா, "அண்ணே, வெடி வாங்கியாச்சா?" என்று சத்தமாகக் கேட்டதற்கு அவன் தொடையில் நான் கிள்ளிய கிள்ளில் அவன் அழுதுவிட்டான். வெடி என்ற சொல்லை நாங்கள் பஸ்ஸில் சொல்ல மாட்டோம். பட்டாசு என்றுகூடச் சொல்ல மாட்டோம். "அது வாங்கியாச்சா?" என்றுதான் கேட்போம். அடையாள அட்டை இல்லாமல் டவுனுக்குப் போக மாட்டோம். சட்டைப் பையில் துண்டுக் காகிதம் வைத்துக்கொள்ள மாட்டோம். கோர்ட்டில் ஒரு தோட்டத்துப் பையனுக்காக நான் மொழிபெயர்த்தேன். கோயில் தேர் எந்த வழியாகச் சுற்றி வர வேண்டும் என்று கோடு போட்ட காகிதம் ஒன்று அவன் பையில் இருந்தது, அதற்காகப் பிடித்திருந்தார்கள். "இது தேர் போற பாதைங்க ஐயா" என்று அவன் சொன்னதை நான் சிங்களத்தில் சொன்னேன். சரியாகத்தான் சொன்னேன். அடுத்த தவணைக்கும் அதையே சொன்னேன், அதற்கடுத்த தவணைக்கும் அதையே சொன்னேன். அவன் வெளியே வரும்போது தேர்த் திருவிழா எத்தனையோ முடிந்துவிட்டது. நான் சொன்னதில் ஒரு சொல் பிசகவில்லை, அவனுக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை.

நம் நாட்டு யுத்தம் முடிந்தபோது நீ சின்னப் பிள்ளை. உன் அம்மாதான் சொன்னாள். "நம்ம பயம் நம்மளோட போகட்டுங்க. இதுக்கு ஊட்டிவிட வேணாம்." சரி என்றேன். அந்தச் சொற்களை வீட்டுக்குள் விடவில்லை. அதனால்தான் உனக்கு அவை தமிழிலேயே புரியவில்லை. உன் தமிழில் இருக்கும் அந்த ஓட்டை நாங்கள் இருவரும் சேர்ந்து வெட்டியது. ஆனால் அந்தப் பாதை ஓரத்தில் நின்றபோது, உனக்குப் பயம் சொல்லிக் கொடுக்காமல் விட்டோமே என்று உன் அம்மாவையும் என்னையும் மனசுக்குள் திட்டிக்கொண்டேன்.

காவலறைக்குள் நம்மை உட்கார வைத்தார்கள். அடையாள அட்டையையும், அவருடைய பாஸ்போர்ட்டையும், கேமராவையும் வாங்கிக்கொண்டார்கள். அதிகாரி வரும் வரைக்கும் பெரியவர் உன்னிடம் என்னவோ கேட்டுக்கொண்டே இருந்தார். நீ சமாதானம் சொல்லிக்கொண்டே இருந்தாய். என் மனசில் ஓடியது ஒன்றே ஒன்றுதான். ஜெர்மனிக்குப் போக உனக்குப் பொலிஸ் நற்சான்று வேண்டும். விண்ணப்பம் போட்டாகிவிட்டது. பதுளையிலிருந்து கொழும்பு வரைக்கும் அலைந்து, உன் அம்மா நகையைக் கழற்றிக் கொடுத்து, நீ விடிய விடியப் படித்துப் பரீட்சை பாஸ் பண்ணி வந்து சேர்ந்த இடம், இந்தக் காகிதத்தில் இருக்கிற நீல மையில் முடிந்துவிடப் போகிறது.

அதிகாரி இளைஞர். உன்னைவிடச் சில வயது மூத்தவராக இருக்கலாம். சத்தம் போடவில்லை, அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. பெரியவருக்கு ஜெர்மன் மட்டும், அதிகாரிக்கு அது தெரியாது, உனக்குச் சிங்களம் கடைத்தெருச் சிங்களம். ஆகவே பெரியவர் உன்னிடம் சொல்ல, நீ தமிழில் என்னிடம் சொல்ல, நான் சிங்களத்தில் அதிகாரியிடம் சொல்ல வேண்டும். திரும்பி வரும்போதும் அதே வழி. வேறு நாளாக இருந்திருந்தால் ஒரு தகப்பனுக்கு அதைவிடப் பெருமை கிடையாது.

முதல் கேள்வியை அதிகாரி யாரிடமும் குறிப்பாகக் கேட்கவில்லை. காகிதத்தை மேசையில் வைத்து, விரலைத் தமிழின்மேல் வைத்து, இந்த எழுத்து யாருடையது என்று சிங்களத்தில் கேட்டார்.

அதை நான் உனக்குத் தமிழில் சொல்லியிருக்க வேண்டும். என் வேலை அது. நான் சொல்லவில்லை. "என்னுடையது சேர்" என்று நானே பதில் சொன்னேன். யோசித்துச் சொல்லவில்லை, வாய் தானாகச் சொன்னது. எனக்கு வயதாகிவிட்டது, என்னை வைத்திருக்கட்டும், இவள் போகட்டும், அவ்வளவுதான் மனசில் இருந்தது.

நீ உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்தாய். "நே சேர், மகே அகுரு" என்றாய். இல்லை சேர், என் எழுத்து. கடைத்தெருச் சிங்களத்தில் அது உனக்கு இருந்தது.

"பாப்பா, உட்காரு" என்றேன்.

"நான்தானேப்பா எழுதினேன்" என்றாய். அதிகாரி முன்னாலேயே, தமிழில், என்னவோ நான் உன் பென்சிலை என்னுடையது என்று சொல்லிவிட்ட மாதிரி. அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அதைப் புரிந்துகொள்ளத் தமிழ் தெரிய வேண்டியதில்லை. அவர் என்னைப் பார்த்தார். என் காது சூடாகிவிட்டது. அந்த நிமிஷத்தில் எனக்கு உன்மேல் வந்த கோபம், நீ பிறந்ததிலிருந்து வந்ததில்லை.

பிறகு அவர் உன்னை வாசிக்கச் சொன்னார். ஒவ்வொன்றாக. முதலில் ஜெர்மன், அதன் பிறகு நீ எழுதியது, அதன் பிறகு என் சிங்களம். குசினி வந்தது, சொன்னேன். டிஸ்பென்சரி வந்தது, சொன்னேன். பெரட்டுக்களத்துக்குச் சிங்களத்தில் ஒரு சொல் போதவில்லை. தோட்டத்தில் காலையில் ஆள் எண்ணும் இடம் என்று விளக்கிச் சொன்னேன். அவர் ஆச்சரியப்பட்டு, கைதிகளுக்கும் தோட்டத்து ஆட்களுக்கும் ஒரே சொல்லா என்று கேட்டார். அதை உன்னிடம் சொன்னதும் நீ, "நம்ம பேச்சுல அந்த மாதிரி இடத்துக்கு இருக்கிற சொல்லு அதுதான்னு சொல்லுங்கப்பா" என்றாய். சொன்னேன். அவர் விரலைக் கீழே நகர்த்தினார்.

அடுத்து நீல மை. நீ ஒரு தயக்கமும் இல்லாமல் வாசித்தாய். "வாஃபென்காமர். ஆயுதக் கிடங்கு." நான் நிறுத்தினேன். சாமான் அறை என்று சொல்லிவிடலாம். யாருக்குத் தெரியும்? நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். ஆயுதம் சிங்களத்திலும் ஆயுதம்தான், அந்தச் சொல் என் வாயிலிருந்து வருகிறதா என்று நீ காத்திருந்தாய். டீக்கடையில் கசப்பைக் குறைத்துச் சொன்னவள், அந்த இடத்தில் என்னைக் குறைக்க விடவில்லை. சொன்னேன். 'ஆயுத கபடாவ' என்று முழுசாகச் சொன்னேன்.

அதிகாரி, பெரியவரிடம் அவருக்கு என்னதான் வேண்டும் என்று கேட்கச் சொன்னார். பெரியவர் நீளமாகப் பேசினார். நடுவில் இரண்டு தடவை நிறுத்தினார். நீ அவர் நிறுத்திய இடத்தில் நிறுத்தி, அவர் சொன்ன வரிசையிலேயே சொன்னாய். "எங்கப்பா ஒருநாளும் இந்த இடத்தப் பத்தி வாய் திறக்கல. இதை வரைஞ்சு மட்டும் வச்சிருந்தாரு. அந்தப் பெரட்டுக்களத்துல ஒரு நிமிஷம் நிக்கணும். அவ்வளவுதான்." நானும் நிறுத்திய இடத்தில் நிறுத்தினேன். அன்று நாம் இருவரும் சேர்ந்து செய்த ஒரே ஒழுங்கான வேலை அது.

உள்ளே விட முடியாது என்று அதிகாரி சொல்லிவிட்டார். போட்டோக்களை அழித்தார்கள். நம் பெயர், விலாசம் எல்லாம் எழுதிக்கொண்டார்கள். படத்தைத் திருப்பித் தரவில்லை. மூலப் படம் தன் ஊரில் பத்திரமாக இருக்கிறது என்று பெரியவர் சொன்னாரே தவிர, வேலியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் வேனில் ஏறினார். உன் எழுத்து அந்த முகாமில் தங்கிவிட்டது. பொலிஸ் நற்சான்று வரும் வரைக்கும் தபால்காரர் மணி அடிக்கும் போதெல்லாம் எனக்கு உயிர் போய் வந்தது. அது சுத்தமாக வந்தது. நீ போனாய். நான் இன்னும் மணிக்குத் திடுக்கிடுகிறேன்.

இப்போது நீ மறுபடி ஒரு மேசைக்கு முன்னால் உட்காரப் போகிறேன் என்கிறாய். உன் பெயர் ஒரு காகிதத்தில் ஏறும், அந்தக் காகிதத்தில் ஆமி, பங்கர், சுற்றிவளைப்பு எல்லாம் இருக்கும், நாங்கள் இங்கே இருக்கிறோம், நீ லீவுக்கு வர வேண்டும். இதுதான் நான் கத்தியதற்குக் காரணம். இந்தப் பயம் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். வீண் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

ஆனால் அந்த மனிதரை நினைத்துப் பார்க்கிறேன். அவர் நாடு விட்டு நாடு போய், தன் கதையைச் சொல்ல ஒருத்தி கிடைத்தாளே என்று உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். நம்ம பிள்ளை என்று நினைப்பார். உனக்கு இரண்டு ஆசை வரும். அவர் பாவம் என்று ஒரு சொல்லைக் கூட்டத் தோன்றும். கேட்கவே முடியவில்லை என்று ஒரு சொல்லைக் குறைக்கத் தோன்றும். கூட்டினால் இன்னொரு நாள் அவரே வேறு மாதிரிச் சொல்லி மாட்டிக்கொள்வார். குறைத்தால் அவர் பட்டது இல்லை என்று ஆகிவிடும். தெரியாத சொல் வந்தால் தெரியாது என்று சொல்லி அவரிடமே கேள், வெட்கப்படாதே. 'சுற்றிவளைப்பு' என்றால் ஊரை நாலு பக்கமும் மறித்து எல்லாரையும் வெளியே வரச் சொல்வது. அது நம் தோட்டங்களிலும் நடந்தது, நான் வரிசையில் நின்றிருக்கிறேன். 'தலையாட்டி' என்றால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒருவன். வரிசையில் ஒவ்வொருவராக அவன் முன்னால் போக வேண்டும். அவன் தலையை ஆட்டினால் ஆளைக் கொண்டு போய்விடுவார்கள். ஜெர்மனில் இதற்கு ஒரு சொல் இருக்காது, தேடாதே. அவன் என்ன செய்வான் என்பதை முழுசாகச் சொல். பதுங்கு குழிக்குச் சொல்லும் பங்கர் அங்கேயும் பங்கர்தான் என்று எண்ணிக் கடந்து போய்விடாதே. அதில் எத்தனை நாள் இருந்தீர்கள், பிள்ளைகளும் இருந்தார்களா, மழை வந்தால் என்ன செய்தீர்கள் என்று கேட்டுச் சொல். மற்ற சொற்களையும் அனுப்பு. எனக்குத் தெரிந்தது எல்லாம் சொல்கிறேன். தெரியாததை, செல் குண்டு விழுந்த இடத்தில் இருந்தவர்களிடம் கேட்டுச் சொல்கிறேன்.

நான் இப்படி மாறியதற்கு உன் அம்மாவின் சீனி இல்லாத தேநீர் மட்டும் காரணம் இல்லை. உனக்கு ஒரு வாக்கியம் பாக்கி இருக்கிறது. அதைச் சொல்லாமல், கூட்டாதே குறைக்காதே என்று உனக்குச் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது.

காவலறையிலிருந்து கிளம்பும்போது நீயும் பெரியவரும் முன்னால் போய்விட்டீர்கள். அடையாள அட்டைகளைத் திருப்பிக் கொடுக்க அதிகாரி என்னை நிறுத்தினார். சிங்களத்தில் என்னவோ சொன்னார். நீ படியில் நின்று திரும்பி, "என்னப்பா சொல்றாரு?" என்று கேட்டாய். "பத்திரமா போகச் சொல்றாரும்மா" என்றேன். அவர் அப்படிச் சொல்லவில்லை.

அவர் கையில் நீ எழுதிய அந்த முகாம் படம் இருந்தது. அந்தச் சிவப்பையும் பச்சையையும் பூவையும் பார்த்துக்கொண்டே, அவர் சொன்னது இதுதான், கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை: "ஐயா, நீங்கள் எழுதியதாகச் சொன்னதை நான் ஒரு நிமிஷமும் நம்பவில்லை. எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆனால் இது பயந்தவர் எழுதிய எழுத்து இல்லை என்று தெரிகிறது."

அன்றைக்கு அது என்னைச் சுட்டது. அதனால் உனக்குச் சொல்லவில்லை. எங்கள் பயம் எங்களோடு போகட்டும் என்று உன் அம்மா கேட்டது நடந்துவிட்டது, அதை எனக்கு வந்து சொன்னவர் ஒரு ராணுவ அதிகாரி என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அவர்களிடம் சரி என்று சொல். போய் அந்த மேசைக்கு முன்னால் உட்கார். அந்த மனிதர் சொல்வதை அதே கையால் எழுது.

இன்று இங்கே நிஜமாகவே மழை. மிளகாயை அள்ளிக்கொண்டு வந்தாயிற்று. போனில் சிக்னல் நன்றாக எடுக்கிறது. கூப்பிடு, வைக்க மாட்டேன்.

அப்பா